வாத்தின் வயிற்றில் ஈயம்

சின்னவளின் அப்பாவுக்கு அன்போடு எழுதுவது.

ஆண்டவன் அருளால் நான் நலம். உங்கள் இருமல் நின்றதா?

நான் கூட்டித் துடைக்கும் பறவை ஆஸ்பத்திரியில் நேற்று ஒரு காட்டுவாத்து கழுத்தைத் தூக்க மாட்டாமல் செத்தது. என் நோட்டுப்படி இந்த மாதத்தில் பதினேழாவது. டாக்டரம்மா அதன் வயிற்றைக் கீறியதும் தூண்டில் ஈயக்குண்டு மூன்று விழுந்தன. பொறுக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வெறுங்கையால தொடாதீங்கக்கா. இதுங்க கல்லுன்னு நெனச்சு முழுங்கிடுது. ஈயம் ரத்தத்துல ஏறி மூளையக் கெடுத்துடும்."

சின்னவள் உங்கள் தூண்டிலுக்கு ஈயத்தைப் பல்லால்தானே கடித்து இறுக்குகிறாள்? கெட்டிக்காரி என்று நானே மெச்சியிருக்கிறேன். பயப்படாதீர்கள். ஒரு குறடு வாங்குங்கள். அவள் ரத்தத்தில் ஈயம் உண்டா என்று சோதிக்கச் சொல்லி, வந்த அளவை அப்படியே எழுதுங்கள். அவள் கையால் எழுதிய இரண்டு வரியும் வேண்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள். பாடம் மறக்கிறாள் என்று இனி அவளை அடிக்காதீர்கள். அடித்த பாவம் எனக்கும் உண்டு.

உங்கள் மனைவி