நைனா என்று தேடுங்கள்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
12.10.1967

அன்புள்ள டோரதியின் அப்பாவுக்கு, ஃப்ளோரன்ஸ் எழுதிக்கொள்வது. நானும் குழந்தையும் சுகம். டில்லியில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளியைப் பெட்டியில் பூட்டி அழகு பார்க்காமல் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆவணக் காப்பகத்தைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். கல்கத்தாவிலிருந்து வந்த கும்பினிக் காலத்துக் கடிதங்கள், நடந்து மாளாத அலமாரிகள், பூச்சி அரித்த தாளுக்கு நீங்கள் மெல்லிய பட்டுத்துணி ஒட்டுவது எல்லாம் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கும் ஒரே கனவு. அந்த அலமாரிகளுக்கு நடுவே கணுக்கால் அளவு கடல் தண்ணீர். ரங்கூன் கப்பல் சத்தமில்லாமல் வருகிறது. அப்பா இறங்குவதற்குள் துறைமுகத்தில் சங்கு ஊதிவிடுகிறது, விழித்துக்கொள்கிறேன்.

யுத்தத்தில் ரங்கூனில் காணாமல் போனவர்களைக் கேட்டு வீட்டார் கொடுத்த மனுக்களும் அவற்றின் பதில்களும் அங்கே கட்டுக்கட்டாக இருந்தும், அப்பாவின் தேவப்பிரியம் என்ற பெயரில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டதும் அம்மா, "எப்டி இருக்கும்? நா எங்கடி அவரு பேரச் சொன்னேன்?" என்றார்.

மனு எழுதிய குமாஸ்தா புருஷன் பெயரைக் கேட்டாராம். அம்மா அதை எப்படி வாயால் சொல்வார்? முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐந்து வயது நான் "நைனா" என்றேனாம். அப்பாவை அப்படித்தானே கூப்பிடுவேன். குமாஸ்தா வெளியூர்க்காரர், நைனா என்றால் அப்பா என்று தெரியாமல் அதையே எழுதிக்கொண்டார். "நீதான்டி பேரு வெச்ச" என்று அம்மா சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. நைனா வீடு என்று பதில் வந்திருந்தாலும், அப்படி யாருமில்லை என்று தெருமுனையிலிருந்தே திரும்பிப் போயிருக்கும்.

ஆகவே நைனா என்று தேடுங்கள். மனைவி சிலுவையம்மாள், ராயபுரம். ரங்கூனில் மரக்கிடங்கு வேலை.

அம்மாவுக்கு இருமல் தணியவில்லை. அப்பா இறந்துவிட்டதாக ஆத்துமாப் பூசை வைக்க இருபத்தைந்து வருஷமாக விடாதவர் நேற்று, "நா மேல போய் அவரத் தேடறதா, இல்ல இங்கியே குந்திகினு இருக்கறதா? மாப்ளய அத்த மட்டும் எய்தச் சொல்லு" என்றார். கல்லறைத் திருநாளுக்குள் எது கிடைத்தாலும் எழுதுங்கள். கெட்ட செய்தி என்றாலும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். டோரதிக்கும் ஐந்து வயதாகிவிட்டது. உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். "நைனா" என்றாள். உறையின் மேல் தபால்காரருக்காக மட்டும் எழுதுகிற பெயரை அவளுக்காக வாய்விட்டுச் சொன்னேன். ஹென்றி, ஹென்றி என்று அவள் தூங்கும்வரை இருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். மாதா உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
ஃப்ளோரன்ஸ்