ஓடைக்கரை வெள்ளை மண்

சிகாகோ, மார்ச் 1953

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலியும் அப்பாவின் இருமலும் குளிரோடு போயிருக்கும் என்று நம்புகிறேன். நானும் உங்கள் மருமகன் லூஷியஸும் சுகம்.

நேற்று சலவைக்கூடத்தில் ஒரு கூத்து. ஜன்னலோரப் பூந்தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை வாயில் போட்டேன். கூட வேலை செய்கிற மிசிசிப்பிக்காரி வெர்லீன் பார்த்துவிட்டாள்.

"அடியே, துப்புடி! அது கடையில வாங்குன மண்ணு. தின்னா எங்க ஊரு மண்ணத் தின்னணும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஜார்ஜியாவுல எங்க வீட்டுப் பின்னால ஓடைக்கரை இருக்கு. மழை பேஞ்ச மறுநாள் அந்த வெள்ளை மண்ணு வெண்ணெயாட்டம் கரையும். அதத் தின்னுட்டு அப்புறம் பேசு!"

ஏழு வயதில் அதைத் தின்றேன் என்று பீச் மரத்து விளாறால் விளாசினீர்களே! தம்பி வயிற்றில் இருந்தபோது நீங்களே அதைப் பையில் வைத்துக்கொண்டு தின்றதையும் பார்த்தேன்.

ஒரு செருப்புப் பெட்டி நிறைய அனுப்புங்கள், அம்மா. உங்கள் கையாலேயே தோண்டுங்கள். இங்கே எங்கு பார்த்தாலும் பனியும் சிமென்ட்டும்தான். வெர்லீனுக்கு ஒரு கட்டி கொடுத்து வாயை அடைப்பேன். மிச்சம் எனக்கு அக்டோபர் வரை வரணும்.

லூஷியஸிடம் இன்னும் சொல்லவில்லை. வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். பிள்ளை சிகாகோவில் பிறந்தாலும் உடம்பு நம் ஓடைக்கரை மண்ணாகத்தான் இருக்கும்.

உங்கள் மகள்,
ஒஸெல்லா