தேங்காய்ப்பால் முசாக்கா

மலர்,

நான் சமைத்த முசாக்காவை ஒருவாய் வைத்தால், கிரேக்க நாடே எங்கள் குசினிக்குள் வந்து நிற்கும். சிரியாதையும்! கத்தரிக்காய் அடுக்கு அவண் அடுப்பில் இருக்கிறது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி, பக்கத்து வீட்டுக் கிரேக்க மனுசி எலேனிக்கு ஈஸ்டர் விரதம். அதனால் இறைச்சிக்குப் பதில் மைசூர்ப் பருப்பு, மேலே பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். நீர் ஷிப்ட் முடிந்து வர, அவ ருசிபார்க்க வருவா. "அந்த மனுசியின்ர சாப்பாட்டைக் கெடுக்காதேங்கோ" என்று நேற்று நீர் சொன்னது இன்னும் காதைக் குடைகிறது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பார்க்கைச் சுற்றப் போகிறேன்; பதிலைக் கைபேசிக்கு அனுப்பும்.

அம்பலவாணன்

பி.கு.: அவ முகம் சுளித்தால், நீர் சமைத்தது என்று சொல்லிவிடும்.

இஞ்சாருங்கோ, எலேனி ஒருவாய் வைச்சிட்டு ஓடிப்போய்த் தன்ர வீட்டாக்கள் எல்லாரையும் கூட்டிவந்திட்டா. ஆனா அவ வாயில வைக்க முதலே, நான் சமைச்சதெண்டு சொல்லிப்போட்டன். கெதியா வாங்கோ. ஓம், குசினி நிறையக் கிரேக்கர்தான்.

மலர்