ஜூன் பதினெட்டாம் தேதி வந்த தண்ணீர்

நவம்பர் 6, வியாழன்

இந்த நோட்டின் மேல் கை வைத்து ஒரு சத்தியப் பிரமாணம். இதில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. பரணிதரன் சொன்னால் முக்கால்வாசியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நான் சித்தப்பா. நாற்பத்தொரு வயது வரைக்கும் வெறும் சித்தப்பா. இப்போதுதான் அப்பா ஆகப்போகிறேன். கவிப்ரியாவுக்கு இது ஐந்தாம் மாதம்.

இன்று நாகப்பட்டினத்தில் ஸ்கேன். இராஜாங்கம் அண்ணன் காரில் போனோம். தெருவில் கார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். என் பரம வைரியும் அவர் ஒருவர்தான். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா கர்ப்பிணி அட்டையைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அட்டைப்படி இருபது வாரம், குழந்தையோ பதினேழு வாரம் மாதிரி இருக்கிறதாம். கடைசியாக பீரியட்ஸ் வந்த தேதி சரிதானா என்று கேட்டார்.

திறந்த கதவுக்கு வெளியே இராஜாங்கம் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். காது மட்டும் உள்ளே இருந்தது.

சந்தேகமே வேண்டாம், ஜூன் பதினெட்டு என்றேன். டாக்டரம்மா 'தேதி உறுதி' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார்.

உறுதியாவது ஒன்றாவது. பச்சைப் பொய்.

நடந்தது இதுதான். மேட்டூர் திறந்த ஆறாம் நாள், குளத்தில் மிச்சமிருந்த சேற்றுத் தண்ணீரை ஆயில் இன்ஜின் வைத்து இறைத்து, என் வயலில் கணுக்கால் அளவுக்கு நிற்க வைத்து, போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மேல்மடை இராஜாங்கத்தின் வயலை ஏறெடுத்தும் பாராமல் காவிரித்தாய் கடைமடையில் என் வயலுக்கு முதலில் எழுந்தருளினாள் என்று அறிவித்தேன். இராஜாங்கம் ஒரு மாதம் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. சோழ சாம்ராஜ்யத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் அடையாத வெற்றி. நிஜத் தண்ணீர் வந்தது ஜூலை ஒன்பதாம் தேதி.

செப்டம்பரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியப் போனபோது நர்ஸம்மா தேதி கேட்டார். "நம்ம வாய்க்கால்ல தண்ணி வந்த அன்னிக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கவிப்ரியா வாந்தி எடுக்க ஓடினாள். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். அன்றைக்கும் காரில் கூட்டிவந்திருந்த இராஜாங்கமும் என்னைப் பார்த்தார்.

"சொல்லு தம்பி. என்னிக்கு வந்துச்சு தண்ணி?"

நான் என்ன செய்வேன்? ஜூன் பதினெட்டு என்றேன்.

கவிப்ரியா அந்தக் குரூப்பில் இல்லை. அவள் கணக்கெல்லாம் தமிழ் மாதம். ஜூன் பதினெட்டும் ஆனிதான், ஜூலை ஒன்பதும் ஆனிதான். அட்டையை அவள் இரண்டாம் தடவை பார்க்கவே இல்லை.

மூன்று வாரம். மூன்று வாரத்தில் என்ன குடி முழுகிவிடும்?

நவம்பர் 7

என்ன முழுகிவிடும் என்று போனில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது.

டிசம்பர் 3, புதன்

மூன்று நாளாக மழை. சம்பா நட்டது தெரியவில்லை, என் வயல் வங்காள விரிகுடாவோடு சேர்ந்துவிட்டது. கப்பல் போகிறது. சரி, கப்பல் போகவில்லை. ஒரு நாரை போகிறது.

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று ஊரில் ஒரு பெரிய சட்டப் புத்தகமே இருக்கிறது. முடி வெட்டக்கூடாது. கடலில் குளிக்கக்கூடாது. மலை ஏறக்கூடாது — கீழ்வேளூரில் எந்த மலையைக் கண்டார்கள்? பாம்பை அடிக்கக்கூடாது. பிணம் தூக்கக்கூடாது. தாடி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது, அதில் இரண்டு குருவிகள் குடித்தனம் நடத்துகின்றன. தெருப் பிள்ளைகள் சாமியார் சித்தப்பா என்கிறார்கள்.

செய்யக்கூடாதது நூறு. செய்ய வேண்டியது? அதை மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அவள் வாந்தி எடுக்கிறாள், நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கால் வீங்குகிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், தாடி வாடையே கொமட்டுது" என்கிறாள். தள்ளி நிற்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மார்கழியில் கூடாது என்று காத்திருந்து இன்று வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். ஏழு வகைச் சாதம். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, சந்தனத்தை அப்பி, அப்புறம் ஒரேயடியாக மறந்துவிட்டார்கள். சாயங்காலம் மாமியார் கமலாம்பாள் அவளைச் சீர்காழிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் எனக்கு ஓட்டுரிமை கிடையாது.

கார் கிளம்பும்போது அந்த அட்டையைக் கேட்டார்கள். பீரோவிலிருந்து எடுத்துவந்து என் கையாலேயே கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓட்டுநர் இருக்கையில் யார்? இராஜாங்கம்.

பிப்ரவரி 9, திங்கள்

அறுப்பு மெஷின் வருகிறேன் வருகிறேன் என்று ஐந்தாம் நாளாக வரவில்லை. கதிர் தலை சாய்ந்து கிடக்கிறது.

கவிப்ரியா போன் செய்தாள். குழந்தை எடை போதாது என்று ஒரு நாளைக்கு நாலு முட்டை, பேரீச்சம்பழம், ஏதோ பவுடர் கரைத்த பால். முட்டை வாசனை அவளுக்கு ஆகவே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறாளாம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் இதே மாதம்தானாம், அவள் வயிறு எவ்வளவு பெரிசு தெரியுமா என்று கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னேன்? நம் குடும்பத்தில் எல்லோரும் சின்னதாகத்தான் பிறப்பார்கள், நான் பிறந்தபோது என்னைத் தீப்பெட்டிக்குள் வைத்துத்தான் தூங்கப் பண்ணினார்கள் என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். வைத்துவிட்டாள்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 10

மெஷின் வந்துவிட்டது. சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

சீர்காழி டாக்டரம்மா இன்று ஸ்கேன் பார்த்திருக்கிறார். அட்டைப்படி முப்பத்தேழு வாரம் ஆகிவிட்டது, குழந்தை முப்பத்துநாலு வாரத்து அளவுதான் இருக்கிறது. உள்ளே வளரவில்லை, வெளியே எடுத்து வளர்ப்பதுதான் பத்திரம் என்கிறாராம். வருகிற பத்தாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வலி வர ஊசி. வலி வராவிட்டால் ஆபரேஷன்.

தேதியில் ஏதாவது தப்பு இருக்குமா என்று கவிப்ரியாவிடம் கேட்டிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் என்று அவளே போனில் சொன்னாள் — "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும் டாக்டர், எங்க வீட்டுக்காரரு தேதி வெச்சா பக்காவா வெச்சிருப்பாரு."

ஊரே நம்பாத என்னை உலகத்தில் நம்புகிற ஒரே ஆள்.

வளராத குழந்தை இல்லை அது. நாள் ஆகாத குழந்தை. ஐயோ, என் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்தால்தான் யாருக்கு என்ன? விடிந்ததும் முதல் பஸ்.

மார்ச் 6, வெள்ளி

சீர்காழி. கவிப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் மாமியாரிடம் சொன்னேன். ஆயில் இன்ஜின், போட்டோ, குரூப், நர்ஸம்மா, எல்லாம். ஒரு எழுத்துக்கூட கூட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைக் குறைக்காமல், நீட்டாமல் சொல்கிறேன். கேட்டுவிட்டு, புளி கரைப்பதை விடாமலே சொன்னார்:

"ஆபரேஷன்னதும் பயந்துட்டீங்க மாப்பிள்ளை. அதுக்கு இப்படி ஒரு கதையா?"

சத்தியம் செய்தேன். போன தீபாவளிக்கு, முதலை துரத்தி அணைக்கரையிலிருந்து ஓடியே வந்ததாக இதே சத்தியம் செய்தீர்களே என்றார். நான் செய்ததுதான்.

அப்புறம் விரல் விட்டு எண்ணினார். நான் சொல்லும் தேதிப்படி பார்த்தால் பிள்ளை சித்திரையில் பிறக்கும். சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாதாம். "பங்குனிக்குள்ள பொறக்கட்டும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கதையெல்லாம் வேண்டாம்" என்றார். என் பொய்யால் என் உயிரையே காப்பாற்றப் பார்க்கிறார். இந்த அம்மாளிடம் எப்படிச் சண்டை போடுவது?

திரும்பினால் கதவருகில் கவிப்ரியா. எப்போது எழுந்தாள், எதுவரை கேட்டாள் — எல்லாம் கேட்டிருக்கிறாள். அழவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எங்கிட்ட கொறை இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நாலு மாசமாங்க. தெனமும், நான் தின்னது புள்ளைக்குப் போய்ச் சேரலையே, என் வயித்துலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டே படுப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டியிருக்கலாம். அந்தப் புளிச் சட்டியைத் தூக்கி என் தலையில் கவிழ்த்திருக்கலாம்.

மார்ச் 7, சனி

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். நவம்பர் ரிப்போர்ட்டை எடுத்தார். அப்போதும் மூன்று வாரம் குறைவு, இப்போதும் மூன்று வாரம் குறைவு, தேதி தப்பு என்றால் பொருந்தத்தான் செய்கிறது என்றார். ஆனால் 'தேதி உறுதி'க்குக் கீழே இருந்த கோட்டின் மேல் பேனாவை வைத்தார். அன்றைக்கு உறுதி என்றவர் இன்றைக்கு இல்லை என்கிறீர்கள், நான் எதை நம்பி ஒரு குழந்தையை உள்ளே விட்டு வைப்பது என்று கேட்டார். வேறு யாருக்காவது அந்தத் தேதி தெரியுமா?

தெரியும். ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். எட்டு மாதமாக ஜூலை ஒன்பது, ஜூலை ஒன்பது என்று கத்தி, ஊரே சிரித்து விரட்டிய ஆள்.

இராஜாங்கத்துக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

"அண்ணே, நம்ம வாய்க்கால்ல தண்ணி என்னிக்கு வந்துச்சு?"

"ஏன், ஜூன் பதினெட்டுதானே. காவிரித்தாயி ஒன் வயலுக்கு எழுந்தருளுனாளே."

"அது குளத்துத் தண்ணிண்ணே. இன்ஜின் வெச்சு எறைச்சேன்."

"மறுபடி சொல்லு. காரு சத்தத்துல கேக்கலை."

மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவையும் சொன்னேன். கவிப்ரியா போனை வாங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் தொனியே மாறிவிட்டது. டாக்டரிடம் கொடும்மா என்றார்.

"டாக்டர், ஜூலை ஒன்பது காலையில தண்ணி வந்துச்சு. அன்னிக்கே மதகு தெறந்து மூடுற லஸ்கர் வீரையன் நோட்டுல எழுதுனதை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், அனுப்புறேன். இவனுக்கு ஒத்தாசையா நான் பொய் சொல்ல மாட்டேன் டாக்டர். இவன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு ஆகாது."

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். போட்டோ வந்தது. நீர்மட்டம், நேரம், தேதி. கவிப்ரியா அதைப் பார்த்து, ஆமாம், அன்றைக்குத்தான், வாய்க்கால் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன் என்றாள். அட்டையில் பழைய தேதியை அடித்து, புதிய தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் பதினைந்து. அதுவரை வாரம் ஒரு ஸ்கேன். பத்தாம் தேதி சேர வேண்டாம். இந்தத் தேதிக்குக் குழந்தை அளவு சரியாகவே இருக்கிறது. "நல்லா சாப்பிட்டிருக்கீங்க" என்று கவிப்ரியாவிடம் சொன்னார்.

அங்கேதான் அவள் அழுதாள்.

மார்ச் 8, ஞாயிறு

குரூப்பில் போட்டேன்: ஜூன் 18 தண்ணீர் குளத்துத் தண்ணீர், காவிரி முதலில் போனது இராஜாங்கம் அண்ணன் வயலுக்கு. நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். எவனும் நம்பவில்லை. இராஜாங்கத்திடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதற்காகப் பொய் சொல்கிறான் என்கிறார்கள்.

மார்ச் 14

கவிப்ரியா இன்னும் பேசவில்லை. போன் செய்தால் எடுத்து, மாமியாரிடம் கொடுத்துவிடுகிறாள்.

மார்ச் 23, திங்கள்

அவளே கூப்பிட்டாள். முட்டையை நிறுத்திவிட்டாளாம். அப்புறம், "இன்னிக்கு என்ன செஞ்சீங்க, உள்ளதைச் சொல்லுங்க" என்றாள். உளுந்துக்கு மருந்து அடித்தேன், மதியம் ரசம் வைத்தேன், உப்பு அதிகமாகிவிட்டது என்றேன். இப்படி ஒரு உப்புச்சப்பில்லாத வாழ்க்கையை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. இருபது நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. இன்னும் வலி இல்லை. மாமியார் என் பேருக்கு வைத்தீஸ்வரன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, நான் இருமினால்கூட ஓடிவந்து பார்க்கிறார்.

ஏப்ரல் 16, வியாழன்

பெண். காலை ஆறே முக்கால். வலி அதுவாகவே வந்தது.

மகாராணி பிறந்ததும் போட்ட சத்தத்தில் சீர்காழி பஸ் ஸ்டாண்டில் நின்ற சிதம்பரம் பஸ் டிரைவர் இல்லாமலேயே கிளம்பிக் கொள்ளிடம் பாலத்தில்தான் நின்றது. நர்ஸம்மா என் கையில் கொடுத்தபோது நான் சக்கரவர்த்தி போல நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன். குழந்தை கண்ணைத் திறந்து, தாடியை ஏற இறங்கப் பார்த்து, "உட்காருங்கள் அப்பா" என்றது.

பத்து மணிக்கு அறையில் இருந்தோம். இராஜாங்கத்தின் போன். எடை எவ்வளவு என்று கேட்டார். கவிப்ரியா கண்ணை மூடிப் படுத்திருந்தவள், திறந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு கிலோ தொள்ளாயிரம்ணே" என்றேன்.

"அதுல எவ்வளவு கழிச்சுக்கணும்?" என்றார்.

ஒன்றும் கழிக்க வேண்டாம் என்றேன். கவிப்ரியா ஒருக்களித்துப் படுத்து, பிள்ளை மேல் கையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

பஸ் கிளம்பியது பொய். சக்கரவர்த்தியும் பொய், நர்ஸம்மாதான் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். குழந்தை பேசவில்லை, கொட்டாவி விட்டது. எடை மட்டும் நிஜம். இரண்டு கிலோ தொள்ளாயிரம்.