முதல் நாவல் யாருடையது

செவிலிமேடு,
19.8.2024

யேசுதாசுக்கு,

என் இடத்தை நீ பறித்துக்கொண்டாய். நேற்று ஞாயிறு பேப்பரில் அரைப் பக்கத்துக்கு உன் பேட்டி. ‘பாலாற்று மணல் லாரிகளைப் பற்றிய முதல் நாவல்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அதே லாரிகளைப் பற்றி நான் எழுதியது என்ன, பஞ்சாங்கமா? அதைக் கையெழுத்திலேயே படித்தவன் நீ. முன்னுரையில் உனக்கு நன்றி சொன்னவன் நான். பேட்டியில் என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

டீக்கடை மணிவண்ணன் பேப்பரை நீட்டி, “இன்னாபா, உன் தோஸ்த்து பெரிய ஆளாயிட்டாரு! நீயும் இந்த மாதிரி ஒண்ணு எழுதேன்பா” என்றான். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வீட்டில் காந்தா, “போட்டோல யேசு தம்பி நல்லாத்தான் இருக்குது” என்கிறாள். வறண்ட ஆற்றில் வேட்டியை மடித்துக் கட்டி நிற்பதில் என்ன நல்லா?

என் நாவலுக்கு வந்தது ஒரே மதிப்புரை, ஒரு சின்ன மாத இதழில். எழுதியவர் கச்சிவாணன். முகம் தெரியாத அந்த மனுஷனுக்கு இருந்த நேர்மை உனக்கு இல்லை.

தணிகாசலம்


சின்ன காஞ்சிபுரம்,
24.8.2024

அன்புள்ள அண்ணா,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பேட்டி எடுத்த சுகாசினியிடம் உங்கள் நாவலைப் பற்றிச் சொன்னேன். “அப்போ ‘முதல்’னு தலைப்பு போட முடியாதே சார்” என்றது அந்தப் பெண். நான் சும்மா இருந்துவிட்டேன். அறுபத்தாறு வயதில் ஒரே ஒரு தடவை முதல் ஆளாக இருந்து பார்க்க ஆசை. தப்புதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொன்னபோது, “வேணும்னா காசு குடுத்து வாங்கிப் படிக்கட்டும்” என்று மறுத்துவிட்டீர்கள். என் பிரதியை நான்தான் அந்த மாத இதழுக்கு அனுப்பினேன். முன்னுரையில் நன்றி சொல்லப்பட்டவன் மதிப்புரை எழுதினால் போடமாட்டோம் என்றார்கள். அதனால் வேறு பெயரில் எழுதினேன். கச்சிவாணன் நான்தான் அண்ணா.

உங்கள் தம்பி,
யேசுதாஸ்


செவிலிமேடு,
2.9.2024

யேசுதாசுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. ஊரில் யாரோ ஒருவன், எனக்குக் கடன்படாத ஒருவன், என்னைப் படித்தான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனையும் நீ எடுத்துக்கொண்டாய். தலைப்பைப் பறித்ததைவிட இது பெரிது. நல்லதுக்குத்தான் செய்தாய் என்கிறாள் காந்தா. இருக்கலாம். எனக்கு ஆறவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ‘முதல் நாவல்’ என்றது தவறு என்று அதே ஞாயிறு பக்கத்தில் சுகாசினி இரண்டு வரி போட வேண்டும். அதைக் கேட்டுப் பேப்பருக்கு நீ உன் சொந்தப் பெயரில் எழுத வேண்டும். கச்சிவாணன் இனி ஒரு வரியும் எழுதக் கூடாது. காந்தா உன் போட்டோவைப் பற்றிப் பேசக் கூடாது, சொல்லிவிட்டேன்.

நான் உன் நாவலைப் படிக்க வேண்டும். இதுவரை பேப்பரில் வந்ததை மட்டும்தான் படித்திருக்கிறேன், நாலு தடவை.

தணிகாசலம்