அப்பா இன்னும் டயர் முடிவு செய்யவில்லை

செங்கல்பட்டு
திங்கட்கிழமை காலை

அன்புள்ள சுப்ரஜாவுக்கு அம்மா எழுதுவது.

இன்று எழுந்ததும் வாசல்கூடத் தெளிக்காமல் ஒரு பழைய பாயை விரித்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு, அப்பாவின் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி, என்ன மாமி, அடிகிடி பட்டுவிட்டதா என்று பதறினார். இல்லை, ஒன்றைத் தேடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எதைத் தேடினேன் என்று பிறகு சொல்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உனக்கு உடம்பு முழுக்கத் தேறியிருக்கும் என்ற நினைப்பில்தான் எழுதுகிறேன், தேறவில்லை என்றால் மறைக்காதே. போனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. தபால் என்றால் வாரம் ஒருமுறையாவது வனத்துறை ஜீப்பில் உன் பறவை ஆராய்ச்சி முகாமுக்கு வந்துவிடும் என்றாயே, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஆகஸ்டில் உனக்கு மலேரியா வந்து போனதே எங்களுக்கு அது போன பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரமே அப்பா அணுபுரத்தில் யாரோ விற்கிறார்கள் என்று போய் இந்தப் பெரிய வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, மலை, ஆறு எல்லாம் ஏறும், நம் சின்னக் காரில் அருணாசலப் பிரதேசம் வரை போக முடியாது, இதில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தீபாவளிக்குப் பிறகு கிளம்பலாம் என்றார். அப்புறம் பொங்கல் கழியட்டும் என்றார். இப்போது பங்குனி என்கிறார். அதற்குள் அங்கே மழை ஆரம்பித்துவிடும் என்று நீயே எழுதியிருக்கிறாய். காரணம் எல்லாம் வண்டிக்கு அடியில்தான். எஞ்சினிலும் கியர் பெட்டியிலும் கல் அடிக்காமல் இருக்க அடியில் ஒரு தகடு போட வேண்டுமாம், ஸ்கிட் பிளேட் என்கிறார்கள். அலுமினியத்தில் போட்டால் கனம் இல்லை, கடற்கரை உப்புக்குத் துருப்பிடிக்காது, ஆனால் பாறையில் உரசினால் தேயும். இரும்பில் போட்டால் நசுங்கினாலும் தட்டி நிமிர்த்தலாம், ஆனால் கனம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. உன் அப்பா மறைமலைநகர் தொழிற்சாலையில் தினமும் உதிரிபாகங்களை அளந்து பார்த்துத் தேறும் தேறாது என்று சொல்கிறவர். அவருக்குத் தடிமன் என்றால் பாதுகாப்பு. நாலு மில்லிமீட்டர் போதும் என்று பட்டறையில் சொன்னார்கள், இவர் ஆறு மில்லி இரும்பில் செய்யச் சொன்னார். மாட்டியதும் வண்டியின் மூக்கு இரண்டு விரல் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. அதற்கு இப்போது ஸ்பிரிங் மாற்ற வேண்டுமாம்.

டயர் கதை இன்னும் நீளம். சிங்கபெருமாள் கோயில் பக்கம் ராஜாராம் என்பவரின் டயர் கடைக்கு இதுவரை எத்தனை முறை போயிருப்போம் என்று எனக்கு நினைவில்லை. சேற்றுக்கு ஏற்ற, கட்டி கட்டியாகப் புடைத்த பட்டன் டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் தார் ரோட்டில் உறுமும், மழையில் வழுக்கும். நாம் போகிற வழியில் முக்கால்வாசிக்கு மேல் நல்ல ரோடுதானே, கடைசிக் கொஞ்ச தூரத்துக்காக முழு வழியும் அவதிப்படுவானேன், எல்லா ரோட்டுக்கும் பொதுவான டயர் போடலாமே என்று நான் கேட்டேன். ராஜாராமும் அதையேதான் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு, அதில் அதிக பாரம் தாங்குகிற வகை இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு பேர்தானே சார் போறீங்க, எதுக்கு என்றார் அவர். அப்போது அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போறப்பதான் ரெண்டு பேர். வர்றப்ப மூணு பேரு, பொண்ணோட சாமான் பூரா வரும்."

நான் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வண்டி உன்னைப் பார்க்க வருவதற்காக வாங்கியது இல்லை, உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்காக வாங்கியது என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. உன்னிடம் கேட்காமல், என்னிடமும் சொல்லாமல். எனக்கு அந்த ஆசை கொஞ்சமும் இல்லை என்று சொன்னால் பொய். காய்ச்சலில் நீ தனியாகக் கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அதை அப்பாவிடம் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வாரம் இருந்தேன். வங்கியில் கூட்டல் தப்பாகப் போட்டு மேலாளரிடம் பேச்சு வாங்கினேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அப்படி இருக்கிறது என் நிலைமை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மணலில் ஓட்டிப் பார்க்கலாம் வா என்று திருவிடந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் பெருமாளைச் சேவித்தோம். கல்யாணம் ஆக வேண்டும் என்று மாலை போட்டுக்கொண்டு பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுப்ரஜாவுக்கும் ஒரு மாலை வாங்கட்டுமா என்றார் அப்பா. சுற்ற வேண்டியவள் இங்கே இல்லையே என்றேன், அதோடு விட்டார். அப்புறம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போகிற மணல் பாதையில் வண்டியை இறக்கினார். ஐம்பது அடி போயிருக்காது. மூக்கின் கனத்தில் முன்சக்கரம் இரண்டும் புதைந்து, அந்த ஆறு மில்லி தகடு மணலில் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து தள்ளினார்கள். அசையவில்லை. ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், அடியில இரும்பு பீரோவ கட்டிகினு வந்துகீற, அப்புறம் எப்டி நவுரும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. டிராக்டர் கொண்டுவருகிறேன் என்று ரோட்டுப் பக்கம் நடந்தார், அவர்களும் வலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

நானும், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ரெபேக்காள் என்கிற பெண்ணும்தான் மிச்சம். அவள், "சார் வர்ற வரிக்கும் இன்னா பண்ணப் போற யக்கா, குந்திகினு நண்டு எண்ணப் போறியா?" என்றாள். அப்போதுதான் நீ எப்போதோ போனில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆற்று மணலைத் தாண்டும்போது டயரில் காற்றை இறக்கிவிடுவோம் அம்மா, டயர் அகலமாகிப் புதையாமல் மேலேயே போகும் என்றாயே. நீ சொன்னதாகச் சொல்லாமல் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். கம்பெனி வண்டிக் கதவில் ஒட்டியிருக்கிற காற்று அளவுக்கு ஒரு புள்ளி குறையக் கூடாது என்றுவிட்டார். அவர் தினமும் காலையில் அந்த அளவைப் பார்க்காமல் காபி குடிக்கமாட்டார். நான் வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் அழுத்தினேன். புஸ் என்று காற்று போனபோது ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "சார் வந்தா கத்துவாரு. ஆணி குத்திச்சுன்னு நான் சொல்லிக்கிறேன், நீ வுடு" என்றாள் ரெபேக்காள். அப்பாவின் காற்று அளக்கிற கருவியை வைத்துப் பார்த்துப் பார்த்து நாலு சக்கரத்திலும் பாதியளவுக்குக் கொண்டுவந்தேன். தகட்டுக்கு அடியில் இருந்த மணலை இருவரும் கையாலேயே வாரினோம். நம் சின்னக் காரை ஓட்டுகிற பழக்கத்தில் ஏறி உட்கார்ந்து மெதுவாகப் பின்னால் எடுத்தேன். ஒரு உறுமல்கூட இல்லாமல் வெளியே வந்துவிட்டது.

அப்பா டிராக்டரோடு வந்தபோது வண்டி கெட்டித் தரையில் நிற்கிறது. டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் சொன்னது என்றார். உங்கள் பெண் என்றேன். டிராக்டர்காரரை அனுப்பிவிட்டு, காற்றடிக்கிற சின்ன மெஷினை எடுத்து ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து அடித்தார். மூன்றாவது சக்கரத்தில் நிமிராமலே கேட்டார், "அவளுக்கு எப்படித் தெரியும்? அவளா ஓட்டறா?" ஆமாம், அந்த முகாம் ஜீப்பை ஒரு வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள், இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைப் பார்க்க ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றேன். "எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். "நீங்க கேக்கலையே" என்றேன். அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு நாலாவது சக்கரத்துக்குப் போனார். அப்புறம் எனக்கே மனசு கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அவர், தகடு சரியில்லை, கழற்றிவிட்டு அலுமினியத்தில் புதிதாகச் செய்ய வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்றார்.

அதைத்தான் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தகட்டில் ஒரு நெளிவு இல்லை, கீறல் மட்டும்தான். உள்ளே சிக்கியிருந்த ஈர மணலைத் தண்ணீர் விட்டு அலசினால் போதும், கனமான தகடுதான், ஆனால் ஓட்டிக்கொண்டு போகலாம். அது சரியாக இருந்துவிடக் கூடாது என்று அப்பாவுக்கு இருக்கிறதோ என்று தோன்றுகிறது. உன்னைக் கூப்பிட்டு நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். அதை அவரால் அளந்து பார்க்க முடியவில்லை, பாவம். அவர்மேல் கோபப்படாதே. அடுத்த முறை போன் கிடைத்தால் அவரிடம் ஆற்றைத் தாண்டுகிற கதையைச் சொல்லு.

சித்தி பையன் தேஜஸுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், சித்தி போன் செய்தாள். கிணற்றில் தண்ணீர் இன்னும் இருக்கிறது. நீ கொசுவலை கட்டாமல் தூங்காதே, மறுபடி காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரையை நிறுத்தாதே, ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. பெருமாள் உன்னைக் காப்பாற்றட்டும். நீ எடுத்த வேலை உன் கையில் நன்றாக நடக்கட்டும்.

ஒன்று இருக்கிறது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. வங்கியில் மார்ச் கணக்கு வேலை தொடங்கிவிட்டால் லீவு கிடைக்காது, அதனால் அதற்கு முன்பே நான் தனியாகக் கிளம்பி ரயிலில் கௌஹாத்தி வருகிறேன். அங்கே வந்து உன் ஜீப்பில் என்னைக் கூட்டிக்கொண்டு போ. உன் வேலையை, உன் குடிசையை, அந்தப் பறவைகளைப் பார்க்கத்தான் வருகிறேன். வீட்டுக்கு வா என்று நான் கேட்கமாட்டேன்.

அநேக ஆசிகளுடன்,
உன் அம்மா
சௌந்தரவல்லி