லோலாவுக்கு அர்த்தம்

பிப்ரவரி 15, சனி.

நாளைக்கு அண்ணன் மகளுக்குப் பேர் வைக்கணும். அத்தை நான்தான் காதுல மூணு தடவை சொல்லணும். நான் வேலை பாக்குற ஹோம்ஸ்டேயில தங்கியிருக்கிற ஸ்பெயின்காரி பேரு மேல மதினிக்கு ஆசை. லோலா.

இன்னைக்கு அவகிட்ட விசாரிச்சேன். முழுப்பேரு டொலோரஸ், துக்கம்னு அர்த்தமாம். மகனைப் பறிகொடுத்த வியாகுல மாதாவை நினைச்சு வைக்கிறதாம். செல்லமாக் கூப்பிடுறப்ப லோலா.

மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த மதினிகிட்ட இதை எப்படிச் சொல்றது? சொல்லாமலும் இருக்க முடியலை. சொல்லிட்டேன்.

மதினி பிள்ளை மேல வச்ச கண்ணை எடுக்கலை. "உனக்கு முன்னால ரெண்டு போனதாலதானே உன்னைக் குப்பையில புரட்டி, குப்பம்மான்னு பேரு வச்சாங்க? நீ நல்லாத்தானே இருக்கே. லோலாங்கிற பேரே இருக்கட்டும்"னுச்சு.

தூக்கம் வரலை. இன்னைக்கு லோலாவும் என் பேருக்கு என்ன அர்த்தம்னு திருப்பிக் கேட்டா. ஹோம்ஸ்டேயில எல்லார்கிட்டயும் என் பேரு பிரியான்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.